"ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லும் அக்கா

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் மேலாளராக இருக்கிறேன். வயது 34. ஆலையில் 70 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தோல் உரிக்கும் பிரிவில் 14 வருடமாக இருக்கும் ஒரு அக்கா, மூன்று மாதமாக ஆளே மாறிவிட்டார். முன்பெல்லாம் எடை போடும்போது அவருடைய தட்டுதான் முதலில் நிறையும். இப்போது பாதி கூட வருவதில்லை, அதிலும் உடைசல் அதிகம். வாரத்துக்கு ஒரு நாளாவது லீவு. கழிப்பறைக்குப் போனால் அரை மணி நேரம் ஆகிறது, அழுதுவிட்டு வருகிறார் என்கிறார்கள். கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்கிறார். அவர் கணவர் ஓகி புயலில் கடலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. அதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். மகளை நர்சிங் படிக்க வைத்த கடன் என்று சிலர், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சிலர். முதலாளியோ, "கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடு, பைத்தியத்தை வைத்து ஆலை நடத்த முடியாது" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆலையில் ஒரு நாள் கவுன்சலிங் முகாம் வைத்தால் சரியாகுமா? நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. ஒரு கடிதத்தை வைத்து அவருக்கு இன்ன நோய் என்று சொல்வது முறையாகாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அவருக்கு என்ன என்பதற்கு ஆலையில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. அவர் சொன்னதாக இருப்பது ஒரே ஒரு வரிதான்.

என் அம்மாவும் 20 வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசுக்குப் போனவர். நம்மூரில் ஆலை என்றா சொல்கிறோம், அண்டி ஆபீஸ்தானே. உடைப்பில் இருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். மீன் குழம்பு விட்டுச் சோறு பிசைந்தால் எரியும் என்று ராத்திரியில் கரண்டியால் சாப்பிடுவார். வலிக்குதா என்று கேட்டால் அவரும் "ஒண்ணும் இல்ல மக்களே" என்பார். கேட்கிற பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பதில். ஆனால் உங்களால் செய்ய முடியும், தம்பி. அது அந்த அக்காவுக்குத் தெரியவேண்டும்.

நீங்கள் அவரிடம் எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் தராசுக்குப் பக்கத்தில், கையில் நோட்டோடு நின்றுகொண்டு, பின்னால் பத்துப் பேர் தட்டோடு வரிசையில் நிற்கும்போது கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூலி எழுதுகிற கை கேட்கிற கேள்விக்கு, கூலி வாங்குகிறவர் வேறு என்ன பதில் சொல்வார்? எதைச் சொன்னாலும் வேலைக்கு ஆபத்து என்றுதான் தோன்றும். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. முதலாளி சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

அதனால் அக்காவிடம் போவதற்கு முன்னால் முதலாளியிடம் போங்கள்.

இரக்கத்தை மட்டும் நம்பிப் போகவேண்டாம், கணக்கோடு போங்கள். முழுப் பருப்புக்கு என்ன விலை, உடைசலுக்கு என்ன விலை என்று அவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. போர்மாவில், அதாவது உலர்த்தும் அடுப்பில், சூடேறி வந்த பருப்பின் தோலை, பருப்பு பிளக்காமல் சின்னக் கத்தி நுனியால் எடுக்கிற பக்குவம் ஒரு வாரத்தில் வருவதல்ல. 14 வருடம் பழகிய கையை அனுப்பிவிட்டுப் புதுக் கையை உட்கார வைத்தால், அந்தக் கை பழகும்வரை உடைகிற உடைசல் யார் கணக்கில்? அவரை இரண்டு மூன்று மாதம் தாங்கிப் பிடிக்க ஆகும் செலவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த அக்காவை எப்படி அனுப்புகிறார்கள் என்று மீதி 69 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாளைக்குத் தனக்கு முடியாமல் போனால் இந்த ஆலை என்ன செய்யும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும். நல்ல வேலைக்காரிகள்தான் முதலில் வேறு ஆலை பார்ப்பார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்தவேண்டும் என்கிறது. உங்கள் ஆலையில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தால், மற்ற நோய்க்குக் கிடைக்கும் நோய்க்கால உதவித்தொகை இதற்கும் உண்டு. மருத்துவச் சான்று வேண்டும், சந்தா நாட்கள் நிறைந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். தீவிரமான சில மனநோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலிலும் இருக்கின்றன, அவற்றுக்கு இன்னும் நீண்ட காலம் உதவி கிடைக்கும். அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு ஓய்வில் இருக்கிறவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தில் இருந்தது, இப்போதைய விதியை இஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்தமே இல்லாத ஆலை என்றால் அது தனியாகப் பேசவேண்டிய விஷயம். 70 பேர் வேலை செய்கிற இடத்தில் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

முதலாளியின் வாயில் வந்த அந்த வார்த்தையை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். சண்டையும் போடவேண்டாம். "அக்காவுக்கு உடம்பு முடியல, டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பத்து முறை அப்படிக் கேட்டால் அவரும் அப்படியே சொல்லத் தொடங்குவார். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, மூன்று மாதத்துக்கு வேலை பத்திரம் என்று முதலாளியிடம் வாக்கு வாங்கிவிட்டீர்கள். இப்போது அக்காவிடம் போகலாம். எடை முடிந்து மற்றவர்கள் கைகால் கழுவப் போகிற நேரம் நல்லது. ஆபீஸ் அறை வேண்டாம், அங்கே கூப்பிட்டாலே கணக்குத் தீர்க்கத்தான் என்று நினைப்பார். திண்ணையோ மரத்தடியோ போதும். இரண்டு பேரும் உட்காருங்கள். கூட ஒரு பெண் சூப்பர்வைசர் இருக்கட்டுமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள்.

நீங்கள் முடிவு செய்ததைச் சொல்லாமல் பார்த்ததைச் சொல்லுங்கள். "நீங்க டிப்ரஷன்ல இருக்கீங்க" என்பதும், "வீட்டுக்காரரை நினைச்சுதானே அழுறீங்க" என்பதும் வேண்டாம். "அக்கா, கொஞ்ச நாளா நீங்க பழைய மாதிரி இல்ல. சோத்துப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போறீங்க. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, முதலாளிகிட்ட பேசிட்டேன். உறக்கம் எப்படி இருக்கு?" இவ்வளவு போதும். உறக்கத்தில் தொடங்குவது கவுன்சலிங் செய்கிற எங்கள் தொழிலில் பழைய வழி. மனசைப் பற்றிப் பேசக் கூசுகிறவர்கள்கூட உறக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம். அரை நிமிடம் அவர் பேசவில்லை என்றால் நாம் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். "எல்லாம் சரியாகும்", "பிள்ளையை நினைச்சுத் தைரியமா இருங்க" என்று நாம் பேசப் பேச அவர் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். அவர் அழுதால் அழட்டும், தண்ணீர் கொண்டு வந்து வையுங்கள். அன்றைக்கும் "ஒண்ணும் இல்ல" என்றே சொன்னால் வற்புறுத்தாதீர்கள். "சரி அக்கா, அடுத்த வாரம் மறுபடி கேட்பேன்" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் கேளுங்கள்.

பேச்சில் "போதும்னு இருக்கு", "நான் இல்லாட்டி யாருக்கு நஷ்டம்" என்பதுபோல வந்தால் கடந்து போகாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா அக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவர் நம்புகிற ஒருவரை வரவழைத்து, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நீங்களே அழைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். இப்படியானவற்றை வெளியில் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று நம்மூரில் இன்னும் பயப்படுகிறார்கள். உயிரை விட முயன்றவரைத் தண்டிப்பதற்கு இல்லை, அவரைப் பராமரிப்பதுதான் அரசின் கடமை என்று அந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பயத்தில் யாரும் சிகிச்சையைத் தள்ளிப் போடவேண்டாம்.

இனி ஓகி. 2017 நவம்பர் 30ஐ நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. புயலுக்கு அடுத்த வருடம் கடற்கரை ஊர்களுக்கு நாங்கள் வாரம்தோறும் போனோம். ஒரு பெண், கணவரின் செல்போன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். போன் அவரோடு கடலில் போனது என்று அவருக்குத் தெரியும். "ஒருவேளை வேற கரையில ஏறி இருந்தா, கூப்பிட நம்பர் வேணுமே" என்றார். உடலைப் பார்க்காத துக்கம் அப்படிப்பட்டது, அதற்கு ஒரு அடக்கம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அது மறுபடி எழுந்து வரும். உங்கள் அக்காவுக்கும் அது இருக்கக்கூடும். அந்த நாளை ஒட்டி அவர் லீவு கேட்டால், காரணம் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், தம்பி. ஓகிக்குப் பிறகும் இத்தனை வருடம் முதலில் நிறைந்த தட்டு அவருடையதுதான். அந்தத் துக்கத்தோடுதான் அவர் வேலை செய்தார், பிள்ளையை வளர்த்தார், படிக்க அனுப்பினார். இந்த மூன்று மாதத்தில் புதிதாக என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. தைராய்டு கோளாறாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், மாதவிலக்கு நிற்கிற வயதின் தொல்லையாக இருக்கலாம். இவையெல்லாம் சோர்வையும் அழுகையையும் உறக்கமின்மையையும் கொண்டு வரும். கடன்காரன் வாசலில் வந்து நிற்கலாம். ஆலைக்குள்ளேயே யாராவது தொந்தரவு செய்யலாம், அதையும் ஒதுக்கிவிடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் ஆலையில் அந்தக் குழு இருப்பது அந்தப் பெண்களுக்குத் தெரியுமா?

காரணத்தைக் கண்டுபிடிக்கிற வேலை உங்களுடையது இல்லை, அது மருத்துவருடையது. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம், பசி, வேலை மூன்றும் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போவதுதான் சரி. இவருக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் அங்கேயே ஆகிவிடும். உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்த நாள் வருகிறார் என்று 104 சுகாதார உதவி எண்ணில் அழைத்துக் கேட்கலாம். மனநலப் பிரிவு என்றதும் தயங்கினால் முதலில் பொது மருத்துவரிடம் போகட்டும், அவர் அனுப்பி வைப்பார்.

செய்வினை என்று சொல்கிறவர்களோடு வாதம் வேண்டாம். அக்கா கோயிலிலோ குருசடியிலோ மெழுகுவர்த்தி ஏற்றினால் ஏற்றட்டும். ஜெபம் அவருக்குத் துணை என்றால் அதைப் பிடுங்க நமக்கு என்ன உரிமை? மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு மட்டும் போகவேண்டாம் என்று அவருடைய மகளிடம் சொல்லிவையுங்கள், அக்கா சம்மதித்தால்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஆலையில் கிலோவுக்குக் கூலி. அதன் அர்த்தத்தை அந்த அக்காவின் இடத்திலிருந்து பாருங்கள். உறக்கம் இல்லை, கை ஓடவில்லை, எடை குறைகிறது. எடை குறைந்தால் சனிக்கிழமைக் கூலி குறைகிறது, குழுக் கடன் தவணை தவறுகிறது. தவணை தவறினால் இருக்கிற கொஞ்ச உறக்கமும் போய்விடுகிறது. திங்கட்கிழமை கை இன்னும் மெதுவாகிறது. நோய் எங்கே தொடங்கியிருந்தாலும் சரி, இப்போது அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பது உங்கள் தராசு. மருத்துவர் மாத்திரை எழுதலாம், நான் பேசலாம். இந்தச் சுற்றை உடைக்க எங்கள் இரண்டு பேராலும் முடியாது. உங்கள் ஒருவரால்தான் முடியும்.

எப்படி? அவர் நன்றாக இருந்த மாதங்களின் சராசரிக் கூலி என்ன என்று நோட்டில் பாருங்கள். எட்டு வாரத்துக்கு அந்தத் தொகையை நாள்கூலியாகக் கொடுங்கள், எடை பார்க்கவேண்டாம். முழுத் தொகை முடியாவிட்டால் அதில் முக்கால்வாசியாவது. எட்டு வாரம் ஏன் என்றால், மன அழுத்தத்துக்கான மருந்து கொடுத்தாலும் முன்னேற்றம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அப்புறம்தான் கை பழைய வேகத்துக்குத் திரும்பும். "மாத்திரை சாப்பிட்டும் பத்து நாளாச்சே" என்று நீங்களே பொறுமை இழந்துவிடக் கூடாது. முதல் இரண்டு வாரம் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கலாம். அந்த நாட்களில் கத்தியும் வேண்டாம், உடைக்கிற மிஷினும் வேண்டாம், போர்மா பக்கமும் வேண்டாம். தரம் பிரிக்கிற மேசையில் உட்காரட்டுமா என்று கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். நல்லது செய்கிறோம் என்று நீங்களாக இடம் மாற்றினால், 14 வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய தோழியையும் சேர்த்துப் பிரித்துவிடுவீர்கள். சிலருக்கு அந்தத் தோழிதான் பாதி மருந்து.

நன்றாக ஆனபிறகும் மருத்துவர் ஆறு மாதத்துக்கு மேல் மருந்தைத் தொடரச் சொல்லலாம். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஓ.பி. காலையில்தான், அன்று பாதி நாள் போய்விடும். வருகைப் பதிவேட்டில் "மருத்துவம்" என்று மட்டும் எழுதுங்கள், எந்த மருத்துவம் என்று எழுதவேண்டாம். அவருடைய மருத்துவரே அதை வெளியில் சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கும்போது, ஆலையில் யாருக்குத் தெரியவேண்டும்? மற்ற பெண்கள் "அவளுக்கு மட்டும் ஏன் நாள்கூலி?" என்று கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள். "உடம்பு முடியாதவங்களுக்கு இனி இப்படித்தான். உங்களுக்கு முடியாம போனாலும் இதேதான்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கும், டெங்கு வந்து எழுந்தவருக்கும் இதே கணக்கு. அப்போது அது சலுகையாகத் தெரியாது, ஆலையின் வழக்கமாகிவிடும்.

முகாம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், கூப்பிட்டால் நானே வருகிறேன். ஆனால் அது முதலில் வேண்டாம். 70 பேரை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே தராசில் அதே பேச்சுப் பேசினால், அந்த முகாமின் மேல் வெறுப்புதான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வேலையிடத்து மனநலத்துக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. வேலை நடக்கிற விதத்தை மாற்றுவது, மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆகியவை அதில் முக்கியமான பரிந்துரைகள். ஆக, பயிற்சி முதலில் உங்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும். நான் போன சில இடங்களில், உடைசல் அதிகம் வந்த தட்டை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டுகிற பழக்கம் பார்த்தேன். உங்கள் ஆலையில் இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். உடைசலைப் பற்றி அவரிடம் தனியாகச் சொன்னாலும் பருப்பு உடையாமல்தான் வரும்.

இன்னொரு சின்ன விஷயம். அந்த அக்கா கழிப்பறையில் போய் அழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். 70 பெண்கள் இருக்கிற ஆலையில், ஒருவர் பத்து நிமிடம் தனியாக இருக்க வேறு இடமே இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்? சாக்கு அடுக்கி வைத்திருக்கும் ஏதாவது ஒரு சின்ன அறையைக் காலி செய்து, ஒரு பாயும் ஒரு நாற்காலியும் ஒரு மண்கூஜாவும் வைத்து, கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி போடுங்கள். தலைவலிக்குப் படுக்கிறவர் படுக்கட்டும், அழுகிறவர் அழட்டும். எத்தனை நிமிடம் என்று வெளியே நின்று எண்ணவேண்டாம்.

உங்கள் மின்னஞ்சல் இரவு 1.40க்கு வந்திருக்கிறது. முதலாளிக்கும் 70 பேருக்கும் நடுவில் நிற்கிற வேலை உங்களுடையது, அதன் பாரம் எனக்குப் புரிகிறது. அக்காவிடம் கேட்கச் சொன்ன கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். உறக்கம் எப்படி இருக்கிறது, தம்பி? பல நாளாக இல்லை என்றால், அந்த 14416 உங்களுக்கும்தான்.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தால், முதல் நாள் தனியாக அனுப்பவேண்டாம். அந்தத் தோழியையும் கூட அனுப்புங்கள். இரண்டு பேருக்கும் அன்றைய கூலியை முந்தின நாள் மாலையிலேயே, அவர்கள் கண் முன்னால் நோட்டில் எழுதிவிடுங்கள்.